உடம்பில் எரியும் கலோரி எங்கே போகிறது?

மட்டக்களப்பில் பின்னேரங்களில் கல்லடிக் கடற்கரையிலும் காந்தி பூங்காப் பக்கத்திலும் வேர்க்க வேர்க்க நடக்கிறவர்களிடம், "குறைந்த அந்த ஐந்து கிலோவும் எங்கே போனது?" என்று கேட்டுப் பாருங்கள். வியர்வையாய்ப் போனது என்பார்கள். வயிற்றால் போனது என்பார்கள். கொஞ்சம் படித்தவர்கள், சக்தியாக மாறிவிட்டது என்பார்கள். மூன்றும் பிழை. கரைந்த கொழுப்பின் பெரும்பங்கு மூக்காலும் வாயாலும் வெளிவிடும் காற்றோடு போகிறது.

இது தெரியாததால் வரும் நட்டம் சின்னதல்ல. வெயிலில் தடித்த ஜக்கற் போட்டுக்கொண்டு ஓடுவதும், தொப்பையைக் குறைக்கவென்று வயிற்றுக்கு மட்டும் பயிற்சி செய்து முதுகை நோகவைப்பதும், இரண்டாம் கிழமையில் தராசு அசையவில்லை என்று நடையையே விட்டுவிடுவதும் இந்த ஒரு குழப்பத்தில் இருந்துதான் வருகின்றன.

கலோரி ஓர் அளவு மட்டுமே

1 லீற்றர் தண்ணீரின் வெப்பநிலையை 1 பாகை செல்சியசால் கூட்டுவதற்கு எவ்வளவு சக்தி வேண்டுமோ, அதுதான் நாம் சாப்பாட்டில் பேசுகிற 1 கலோரி. பொதிகளில் இதைக் கிலோகலோரி என்று போடுவார்கள். பக்கத்திலேயே கிலோயூல் என்று இன்னொரு எண்ணும் இருக்கும். அது பெரிய எண். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், 4.2 ஆல் வகுத்தால் கலோரி வந்துவிடும். 840 கிலோயூல் என்று போட்டிருந்தால் 200 கலோரி.

மட்டக்களப்பில் இருந்து கல்முனைக்குப் போகும்போது கிலோமீற்றர் குறைந்துகொண்டு வருகிறது என்கிறோம். அதற்காகக் கிலோமீற்றர் என்றொரு சாமான் பஸ்ஸில் இருந்து வழிநெடுகக் கொட்டுண்டு போவதில்லை. கலோரியும் அப்படித்தான். ஆகவே "எரிந்த கலோரி எங்கே?" என்ற கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. கொழுப்பு, மாச்சத்து என்ற பொருள் எங்கே போனது? அதற்குள் இருந்த சக்தி எங்கே போனது? பொருள் காபனீரொட்சைட்டாகவும் தண்ணீராகவும் போகிறது. சக்தி கடைசியில் வெப்பமாகப் போகிறது. ஒன்று மற்றதாக மாறுவதில்லை. உடம்புக்குள் நடப்பது இரசாயனத் தாக்கம். உள்ளே போன காபன் அணுவும் ஐதரசன் அணுவும் ஒன்றுகூடக் குறையாமல் வெளியே வந்தாக வேண்டும்.

இதை முதலில் அளந்து காட்டியவர்களில் ஒருவர் பிரான்சின் இரசாயனவியலாளர் லவோசியே. 1782 – 83 குளிர்காலத்தில் அவரும் கணிதவியலாளர் லப்பிளாசும் ஒரு கினிப்பன்றியைப் பனிக்கட்டி நிரப்பிய கலத்துக்குள் வைத்து, அதன் உடல் வெப்பத்தால் எவ்வளவு பனி உருகுகிறது, மூச்சில் எவ்வளவு காபனீரொட்சைட்டு வருகிறது என்று பார்த்தார்கள். மூச்சுவிடுவதும் ஒருவகை மெதுவான எரிதல்தான் என்ற முடிவுக்கு வந்தார்கள். இன்றுவரை அந்த முடிவு நிலைத்து நிற்கிறது. அடுப்பில் விறகு எரியும்போதும் உடம்பில் கொழுப்பு எரியும்போதும் உள்ளே போவது ஒட்சிசன், வெளியே வருவது காபனீரொட்சைட்டும் நீராவியும் வெப்பமும். உடம்பில் சுவாலை இல்லை. நொதியங்கள் அந்தத் தாக்கத்தைச் சின்னச் சின்னப் படிகளாக, 37 பாகையிலேயே நடத்திவிடுகின்றன.

உணவுக் கணக்குக்கு மூன்று எண்களை நினைவில் வைத்தால் போதும். காபோவைதரேற்று 1 கிராமில் 4 கலோரி, புரதம் 1 கிராமில் 4, கொழுப்பு 1 கிராமில் 9. ஒரு தேக்கரண்டி சீனி 4 கிராம், அதாவது 16 கலோரி. கால் றாத்தல் பாண் ஏறக்குறைய 300 கலோரி, சம்பலும் பருப்பும் சேர்க்காமலே. ஒரு கைப்பிடிக் கச்சான், 30 கிராம் என்று வைத்தால், 170.

ஒரு தசைக் கலத்துக்குள் நடப்பது

தசைக்குக் கொழுப்பையோ சீனியையோ நேரடியாகப் பாவிக்கத் தெரியாது. அதற்குத் தெரிந்தது ஏ.ரி.பி. என்ற ஒரேயொரு மூலக்கூறு. அது உடையும்போது வெளிவரும் சக்தியால்தான் தசைநார் சுருங்குகிறது. எந்த நேரத்திலும் உடம்பில் இருக்கும் ஏ.ரி.பி. 100 கிராம்கூட வராது. வேலை செய்யும் தசையில் அது சில செக்கன்களுக்குத்தான் தாக்குப்பிடிக்கும். ஆகவே உடைந்ததை உடனுக்குடன் திரும்பக் கட்ட வேண்டும். ஒரு நாளில் இப்படி உடைந்து உடைந்து சேருகிற ஏ.ரி.பி.யைக் கூட்டினால் கிட்டத்தட்ட ஓர் ஆளின் நிறைக்கு வரும். சீனியும் கொழுப்பும் எரிவது இந்தத் திருப்பிக் கட்டும் வேலைக்காகத்தான்.

கரப்பந்தாட்டத்தில் ஒருவர் எம்பி அடிக்கிற அந்தக் கணத்தில், தசையிலேயே தயாராக இருக்கும் கிறியாற்றின் பொசுபேற்று ஏ.ரி.பி.யைக் கட்டிக் கொடுக்கிறது. முழு வேகத்தில் அது 10 செக்கன் அளவுக்குத்தான் காணும். அதற்குமேல் ஓடினால், தசைக்குள் சேமித்து வைத்திருக்கும் கிளைக்கோசன் என்ற மாச்சத்து வேகமாக உடைகிறது. இதற்கு ஒட்சிசன் காத்திருக்கத் தேவையில்லை, ஆனால் இலற்றிக்கமிலம் சேரும். 400 மீற்றர் ஓட்டத்தின் கடைசி வளைவில் கால் கட்டிப்பிடிப்பது இந்த நிலையில்தான். மறுநாள் வரும் தசைநோவுக்கு இலற்றிக்கமிலத்தைக் குற்றம் சொல்வது வழக்கம், அது சரியில்லை. ஓட்டம் முடிந்து ஒரு மணித்தியாலத்துக்குள் அது பெரும்பாலும் எரிந்தோ, ஈரலுக்குப் போய்க் குளுக்கோசாக மாறியோ விடும். மறுநாள் நோவு, பழக்கமில்லாத வேலையால் தசைநார்களில் ஏற்பட்ட நுண்ணிய சேதத்தின் நோவு.

சில நிமிடங்களுக்கு மேல் நீளும் எந்த வேலையும், நடையோ, சைக்கிளோ, கரைவலை இழுப்போ, ஒட்சிசனை நம்பித்தான் நடக்கிறது. கொழுப்பு அப்போது எப்படி வருகிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

உடம்பு அசையத் தொடங்கியதும் அட்ரினலின் கூடுகிறது, இன்சுலின் குறைகிறது. கொழுப்புக் கலங்களுக்கு இது ஒரு கட்டளை. அவற்றுள் இருக்கும் கொழுப்பு மூலக்கூறு ஒவ்வொன்றும் மூன்று கொழுப்பமிலங்களாகவும் ஒரு கிளிசரோலாகவும் உடைந்து குருதிக்குள் இறங்குகிறது. கிளிசரோல் ஈரலுக்குப் போகிறது. கொழுப்பமிலம் தண்ணீரில் கரையாது. அதனால் அல்புமின் என்ற குருதிப் புரதத்தைப் பிடித்துக்கொண்டு தசைக்குப் போய்ச் சேர்கிறது. அங்கே கார்னிற்றின் என்ற மூலக்கூறு அதை இழைமணிக்குள், அதாவது கலத்துக்குள் எரிபொருள் எரியும் சின்ன அறைக்குள், கடத்துகிறது. இழைமணிக்குள் அந்த நீண்ட சங்கிலி இரண்டிரண்டு காபனாக வெட்டப்படுகிறது. வெட்டிய துண்டு ஒவ்வொன்றும் சிற்றிக்கமில வட்டம் என்ற தொடர் தாக்கச் சுழற்சிக்குள் நுழைந்து சுற்றிவரும்போது அதன் காபன்கள் காபனீரொட்சைட்டாகக் கழற்றப்படுகின்றன. ஐதரசன்கள் வேறு வழியில் போய், நாம் மூச்சில் இழுத்த ஒட்சிசனோடு சேர்ந்து தண்ணீராகின்றன. அந்தக் கடைசிச் சேர்க்கையில் கிடைக்கும் சக்திதான் ஏ.ரி.பி.யைக் கட்டுகிறது. ஒட்சிசன் இல்லாவிட்டால் இந்த வழியே அடைபட்டுவிடும். கொழுப்பை ஒட்சிசன் இல்லாமல் எரிக்க உடம்பிடம் வேறு வழி கிடையாது.

கழற்றப்பட்ட காபனீரொட்சைட்டு குருதியில் ஏறி, இதயம் கடந்து, நுரையீரலுக்கு வந்து, வெளியே போகிறது. தொப்பையில் கிடந்த கொழுப்பு உடம்பை விட்டுப் போகும் வழி அதுதான்.

10 கிலோ கொழுப்பின் கணக்கு

2014இல் ரூபன் மீர்மன், அன்றூ பிறவுன் என்ற இரண்டு அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் இந்தக் கணக்கை முழுதாகப் போட்டுக் காட்டினார்கள். 10 கிலோ கொழுப்பு முற்றாக எரிய 29 கிலோ ஒட்சிசனை உள்ளே இழுக்க வேண்டும். விளைவாக 28 கிலோ காபனீரொட்சைட்டும் 11 கிலோ தண்ணீரும் உண்டாகும். உள்ளே 39, வெளியே 39. அந்த 10 கிலோவின் அணுக்களை மட்டும் பின்தொடர்ந்தால் 8.4 கிலோ மூச்சிலும், 1.6 கிலோ தண்ணீராகச் சிறுநீர், வியர்வை, மூச்சின் ஈரம் என்று பல வழியிலும் போகிறது.

அப்படியென்றால் வேகமாக மூச்சுவிட்டால் மெலியலாமா என்று கேட்பார்கள். மெலிய முடியாது. தசை காபனீரொட்சைட்டை உண்டாக்கினால்தான் நுரையீரல் அதை வெளியேற்றலாம். சும்மா இருந்துகொண்டு மூச்சை மட்டும் இழுத்து இழுத்து விட்டால் குருதியில் இருக்க வேண்டிய காபனீரொட்சைட்டும் குறைந்து, தலை சுற்றி, விரல் நுனி விறைக்கும்.

70 கிலோ நிறையுள்ள ஒருவர் ஒரு மணித்தியாலம் நடந்தால் மூச்சோடு போகும் காபன் 20 கிராமுக்குச் சற்றுக் கூட. அவ்வளவுதான். இந்த எண் பலரைச் சோரவைக்கும் என்பது தெரியும், ஆனால் இதை மறைத்து ஒருவரை நடக்க வைப்பதைவிடச் சொல்லி நடக்க வைப்பது நல்லது. நாள் முழுக்க ஓய்வாகக் கிடந்தாலே 150 கிராம் அளவு காபன் மூச்சில் போய்க்கொண்டுதான் இருக்கிறது, ஏனென்றால் ஈரலும் மூளையும் இதயமும் சிறுநீரகமும் ஒருபோதும் நிற்பதில்லை. உடம்பின் அன்றாடச் செலவில் பெரும்பங்கு அவற்றுக்குத்தான். தேகப்பயிற்சி அதற்கு மேலே சேர்க்கும் செலவு.

சக்தி வெப்பமாகிறது: வியர்வை எதற்கு?

தசை தான் எரிப்பதில் நாலில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவாகத்தான் அசைவாக மாற்றும். மீதி அப்போதே வெப்பம். அந்த அசைவும், சமதரையில் நடக்கும்போது, உராய்விலும் காற்றிலும் கரைந்து வெப்பமாகத்தான் முடிகிறது. மேலே சொன்ன ஒரு மணித்தியால நடையின் மொத்தச் செலவு 245 கலோரி. அந்த வெப்பம் முழுவதும் உடம்பிலேயே தங்கினால் உடல் வெப்பநிலை 4 பாகை ஏறி, 41ஐத் தொட்டுவிடும்; அது உயிருக்கு ஆபத்தான நிலை. அதைத் தடுக்கத்தான் வியர்க்கிறது. 1 லீற்றர் வியர்வை தோலில் இருந்து ஆவியாகும்போது 580 கலோரி அளவு வெப்பத்தைக் கொண்டுபோகிறது.

ஆவியாகும்போது மட்டும்தான். இதைத்தான் எங்கள் கரையோரத்தில் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் ஊர்களில் காற்றில் ஈரம் கூடிய நாட்களில் வியர்வை ஆவியாகாமல் சொட்டுச் சொட்டாக விழுகிறது. சொட்டி விழுந்த வியர்வை உடம்பைக் குளிர்த்தவில்லை. சேட் நனைந்து பிழியும் அளவுக்கு வேர்த்தது என்றால் நிறையக் கொழுப்புக் கரைந்தது என்று அர்த்தமில்லை. அன்றைக்கு உடம்பு குளிரக் கஷ்டப்பட்டது என்று அர்த்தம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் கதை மறுபக்கம். வறண்ட சுடுகாற்று வியர்வையை உடனே உறிஞ்சிவிடுவதால் வேர்த்ததே தெரியாது. தோல் காய்ந்திருக்கும், உதட்டில் உப்புக் கரிக்கும், தலையிடி வரும். அதற்குள் ஒரு லீற்றர் போயிருக்கும். இரண்டு காலத்திலும் விடியப்புறம் 6 மணிக்கு முன்பின், அல்லது பின்னேரம் 5க்குப் பிறகு நடப்பதே புத்தி.

எவ்வளவு வேர்க்கிறது என்பதை வீட்டிலேயே அளக்கலாம். நடக்கப் போகுமுன் சிறுநீர் கழித்துவிட்டு மெல்லிய உடுப்போடு தராசில் ஏறுங்கள். வந்து, உடம்பைத் துடைத்து, உடுப்பை மாற்றித் திரும்ப ஏறுங்கள். 70.0 இல் இருந்து 69.3 ஆகியிருந்தால், இடையில் எதுவும் குடிக்காவிட்டால், போனது 700 மில்லிலீற்றர் தண்ணீர். அதில் கொழுப்பின் பங்கு தராசின் கண்ணுக்கே தெரியாது. அந்த 700ஐயும் அதற்கு மேல் கொஞ்சத்தையும் அடுத்த சில மணித்தியாலத்தில் சிறிது சிறிதாகக் குடித்து ஈடுசெய்ய வேண்டும். ஒரு மணித்தியால நடைக்கு வெறும் தண்ணீர் போதும், சாப்பாட்டில் உப்பு இருக்கிறது. மணிக்கணக்கில் வெயிலில் வேலை செய்தால்தான் ஜீவனி போன்ற உப்புச் சீனிக் கரைசல் தேவைப்படும். ஜக்கற், பொலித்தீன் சுற்றிக்கொண்டு ஓடுவது வெப்பத்தை வெளியே விடாமல் பூட்டி வைக்கும் வேலை. நிறை குறைந்ததுபோல் காட்டும், இரண்டு கோப்பை தண்ணீரோடு திரும்பி வந்துவிடும், இடையில் வெப்பத் தாக்கு வந்தால் ஆளையே கொண்டுபோய்விடும்.

உங்கள் நடை எத்தனை கலோரி?

சும்மா இருக்கும்போது ஒருவர் தன் நிறையில் ஒவ்வொரு கிலோவுக்கும் மணித்தியாலத்துக்கு 1 கலோரி அளவு செலவழிக்கிறார். ஒவ்வொரு அசைவுக்கும் இதன் எத்தனை மடங்கு என்று அளந்து வைத்திருக்கிறார்கள். மணிக்கு 5 கிலோமீற்றர் நடை 3.5 மடங்கு. அவதியாக, மணிக்கு ஆறரை கிலோமீற்றர் நடந்தால் 5. மணிக்கு 16 – 19 கிலோமீற்றர் சைக்கிள் 6.8. மணிக்கு 8 கிலோமீற்றர் மெல்லோட்டம் 8.3. கடற்கரை மணலில் கரப்பந்து 8. யோகாசனம் 2.5.

மடங்கை நிறையால் பெருக்கி, மணித்தியாலத்தால் பெருக்கினால் மொத்தச் செலவு வரும். 70 × 3.5 × 1 = 245. ஆனால் அதில் 70 கலோரி கதிரையில் இருந்திருந்தாலும் செலவாகியிருக்கும். நடையால் கூடியது 175 மட்டும். ஜிம்மில் உள்ள ஓடுபட்டிகள் பல மொத்தத்தையே காட்டும், சில நிறையைக் கேட்காமலே ஒரு நிறையை ஊகித்து. கைக்கடிகாரங்களும் நம்பக்கூடியவை அல்ல. 2017இல் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தார் ஏழு கைப்பட்டிகளைச் சோதித்தபோது, நாடித்துடிப்பைப் பெரும்பாலானவை சரியாகக் காட்டின. கலோரியில் மிகச் சிறந்ததுகூடச் சராசரியாக 27 சதவீதம் பிழைத்தது. கடிகாரம் 400 என்று காட்டியதை நம்பி 400க்குச் சாப்பிட்டால் நிறை ஏன் கூடுகிறது என்று தேட வேண்டியதில்லை.

கல்லடிக் கடற்கரையின் காய்ந்த, புதையும் மணலில் நடப்பவர்களுக்கு மட்டும் ஒரு நல்ல சேதி: கால் வைக்கும் இடம் ஒவ்வொரு அடிக்கும் சரிவதால், அதே வேகத்துக்குச் செலவு கெட்டித் தரையைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஆனால் தொடக்கத்திலேயே அங்கே போகாதீர்கள். கரை கடலை நோக்கிச் சரிந்திருப்பதால் ஒரு கால் பள்ளத்திலும் ஒரு கால் மேட்டிலும் விழும். கணுக்காலும் குதிநாணும் பிடித்துக்கொள்ளும். முதல் சில கிழமை றோட்டில் நடந்து கால் பழகிய பிறகு, மணலில் பத்து நிமிடத்தில் தொடங்கி, போன பக்கமே திரும்பி வருவது நல்லது. அப்போது இரண்டு காலுக்கும் சரிவு சமமாகப் பங்கிடுபடும்.

175 கலோரியைக் கொழுப்பாக்கினால் 20 கிராம் அளவு. உடம்பில் உள்ள கொழுப்பு இழையத்தில் கொஞ்சம் நீரும் இருப்பதால் 1 கிலோவுக்கு 7700 கலோரி என்று கணக்கு வைப்பார்கள். கிழமைக்கு ஐந்து நாள் நடந்தால் 875 கலோரி, மாதத்தில் அரைக் கிலோ. இது காகிதக் கணக்கு. சாப்பாடு கூடாதிருந்தால் மட்டும் செல்லும். ஒரு கைப்பிடிக் கச்சான் அந்த ஒரு மணித்தியாலத்தை அழித்துவிடும். அதைவிடப் பெரிய ஓட்டை தேத்தண்ணிதான். ஒவ்வொரு பிளேன்ரீக்கும் மூன்று தேக்கரண்டி சீனி, நாளுக்கு ஐந்து கோப்பை என்றால் 240 கலோரி. நடையை விடாமல் சீனியை ஒரு கரண்டியாக்கினால் நாளுக்கு 160 கலோரி மிச்சம். கிட்டத்தட்ட இன்னொரு மணித்தியால நடைக்குச் சமம். எங்களைக் கேட்டால், முதல் மாதத்தில் சோற்றில் கைவைக்கச் சொல்ல மாட்டோம், தேத்தண்ணிச் சீனியில்தான் கைவைக்கச் சொல்வோம்.

எந்தச் சேமிப்பு முதலில் குறைகிறது?

குருதியில் ஓடும் குளுக்கோசு முழுவதும் ஒரு தேக்கரண்டியளவுதான். ஈரலில் 100 கிராம் அளவும், தசைகளில் 300 – 500 கிராம் அளவும் கிளைக்கோசன் இருக்கும். எல்லாம் சேர்ந்து 2000 கலோரியைச் சுற்றி வரும். கொழுப்போ, ஒல்லியானவரிடம்கூடப் பல பத்தாயிரம் கலோரி. உடம்பு ஒன்று முடிந்தபின் மற்றதைத் தொடுவதில்லை, இரண்டையும் எப்போதும் சேர்த்தே எரிக்கிறது, விகிதம்தான் மாறும். மெதுவாக நடந்தால் கொழுப்பின் பங்கு கூட. மூச்சுவாங்க ஓடினால் கிளைக்கோசனின் பங்கு கூட. ஆய்வுகூடத்தில் முகமூடி மாட்டி இதை அளப்பார்கள்: வெளிவரும் காபனீரொட்சைட்டை உள்ளே போகும் ஒட்சிசனால் வகுத்தால் தனிக் கொழுப்புக்கு 0.7, தனி மாச்சத்துக்கு 1.0.

கதிர்காமத்துக்குப் பாத யாத்திரை போகிறவர்கள் இதை உடம்பால் அறிந்தவர்கள். உகந்தையில் இருந்து குமண, யால காடுகளுக்கூடாகப் பல நாள், தலையில் மூட்டையோடு நடக்கிறார்கள். அந்த வேகத்தில் கொழுப்புத்தான் பெரிய எரிபொருள். அதனால்தான் நாட்கணக்கில் தாக்குப்பிடிக்க முடிகிறது. ஆனாலும் மாச்சத்தும் கூடவே குறைந்துகொண்டு வரும். நேரத்துக்குச் சோறோ கஞ்சியோ உள்ளே போகாவிட்டால் கால் நடுங்கி, தலை கிறுகிறுத்து, ஓர் அடிகூட எடுத்துவைக்க முடியாமல் இருத்திவிடும். கொழுப்பு மலைபோல் இருந்தாலும் மூளைக்குக் குளுக்கோசு வேண்டும்.

இதில் இருந்து "கொழுப்பெரிக்கும் வேகம்" என்ற ஒரு பிழையான புத்திமதி பிறந்திருக்கிறது. மெதுவாகப் போனால்தான் மெலியலாம் என்று. அரை மணி நேர மெது நடையில் 60 சதவீதம் கொழுப்பு என்றாலும் மொத்தச் செலவு சிறியது. அதே அரை மணி ஓட்டத்தில் பங்கு சதவீதத்தில் குறைந்தாலும் அளவில் கூடலாம். அதைவிட முக்கியம், பயிற்சியின்போது மாச்சத்தை எரித்தவரின் உடம்பு பிறகு ஓய்வில் கொழுப்பைக் கூடுதலாக எரித்துச் சரிக்கட்டிக்கொள்ளும். பார்க்க வேண்டியது பல நாட்களின் வரவு செலவை. உங்கள் மூட்டு எந்த வேகத்தைத் தாங்குமோ, எதை நாளைக்கும் செய்வீர்களோ, அதுதான் உங்களுக்குரிய வேகம்.

முதல் கிழமையில் ஒன்றரை, இரண்டு கிலோ குறைந்து சந்தோசப்பட்டு, மூன்றாம் கிழமையில் ஒன்றும் நடக்காமல் மனம் நொந்தவர்களுக்கும் விடை கிளைக்கோசனில் இருக்கிறது. ஒவ்வொரு கிராம் கிளைக்கோசனும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சோறு, பாண், பிட்டைத் திடீரென்று குறைத்து நடக்கத் தொடங்கினால் 400 கிராம் கிளைக்கோசனும் அதன் தண்ணீரும் சேர்ந்து வெளியேறும்; அதுவே 1.6 கிலோ. ஒரு கல்யாணவீட்டுச் சாப்பாட்டோடு அதில் பாதி திரும்பி வரும். இரண்டுமே கொழுப்பில்லை.

தொப்பைக்கென்று தனிப் பயிற்சி உண்டா? வயிற்றுத் தசைக்கு உண்டு, வயிற்றுக் கொழுப்புக்கு இல்லை. கொழுப்பமிலம் குருதிக்கூடாகத்தான் தசைக்கு வருகிறது என்று பார்த்தோம். எந்தத் தசை வேலை செய்தாலும் குருதிக்குள் கொழுப்பை இறக்குவது உடம்பெங்கும் உள்ள கலங்கள். எங்கே முதலில் குறையும் என்பதைப் பரம்பரையும் ஓமோன்களும் தீர்மானிக்கும். கலங்கள் சுருங்குமே தவிர, அவற்றின் எண்ணிக்கை பெரிதாகக் குறையாது. ஆறுதலான ஒன்று: குடலைச் சுற்றி உள்ளே படியும் கொழுப்பு, ஆபத்தில் கூடியதும் அதுவே, நடைக்கும் ஓட்டத்துக்கும் நன்றாகவே குறையும். தராசு அசையாத மாதத்திலும் இடுப்பளவு நாடா அதைக் காட்டிவிடும்.

தசையைக் கட்டினால் சும்மா இருக்கும்போதே கலோரி குவியலாக எரியும் என்பதும் மிகைதான். 1 கிலோ தசை ஓய்வில் நாளுக்கு 13 கலோரி அளவுதான் எரிக்கும். ஆனாலும் பாரம் தூக்கும் பயிற்சியை விடக்கூடாது. சாப்பாட்டை வெட்டி மெலிகிறவர் தசையையும் சேர்த்து இழக்கிறார். அந்தப் புரதத்தின் நைதரசன் யூரியாவாகிச் சிறுநீரில் போய்விடும். கிழமைக்கு இரண்டு நாள் தசைகளுக்கு வேலையும், ஒவ்வொரு நேரச் சாப்பாட்டிலும் மீனோ முட்டையோ பருப்போ இருந்தால் அந்த இழப்புக் குறையும்.

நடந்த களைப்பில் மிச்ச நாளைக் கதிரையில் கழிப்பது, பசி கூடுவது, உடம்பு வேறு செலவுகளைச் சுருக்கிக்கொள்வது எல்லாம் சேர்ந்து எதிர்பார்த்த குறைவில் ஒரு பகுதியைத் தின்றுவிடும். மானுடவியலாளர் ஹேர்மன் பொன்ட்சர் குழுவினர் 2012இல் தன்சானியாவின் ஹட்சா மக்களை அளந்தபோது, நாள்முழுக்க நடந்து வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழ்பவர்களின் மொத்தச் செலவு, உடல் அளவுக்கு ஏற்பப் பார்த்தால், மேலைநாட்டு நகரவாசிகளின் செலவோடு ஏறக்குறைய ஒன்றாக இருந்தது. நிறையைக் குறைப்பதில் சாப்பாட்டுக்குப் பங்கு கூட என்பதற்கு இது நல்ல சான்று. குறைந்த நிறையைத் திரும்ப ஏறவிடாமல் பிடித்து வைப்பதிலும், பிரஷர், சீனி வருத்தம் இரண்டிலும் நடையின் பங்கு பெரியது.

சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு

சுருங்கும் தசை, இன்சுலினின் உதவி இல்லாமலே குருதியில் இருந்து குளுக்கோசை இழுக்கும். சாப்பிட்ட பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சீனி குறைவதன் காரணம் இதுதான். ஆனால் இன்சுலின் ஊசி போடுகிறவர்களும், கிளிக்லசைட், கிளிபென்கிளமைட் போன்ற குளிசை எடுப்பவர்களும் கவனமாக இருக்க வேண்டும். மருந்தும் நடையும் ஒன்றுசேர்ந்து சீனியைக் கீழே இறக்கிவிடும். மெற்போமின் மட்டும் எடுப்பவர்களுக்கு இந்தப் பயம் மிகக் குறைவு.

ஊசி போடுகிறவர்கள் நடக்கப் போகுமுன் விரலில் குத்திக் குருதிச் சீனியைப் பார்த்து, 90 mg/dLக்குக் கீழே இருந்தால் எதையாவது சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும். தொடையில் ஊசி போட்ட உடனே நடந்தால் மருந்து வேகமாக உறிஞ்சப்படும். அந்த நேரத்துக்கு வயிற்றில் போடலாமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். நோன்பு நாட்களில் நடை நேரத்தையும் மருந்தின் அளவையும் முதலிலேயே கிளினிக்கில் பேசி மாற்றிக்கொள்ள வேண்டும். நடக்கும்போது நடுக்கம், திடீர்ப் பசி, குளிர்ந்த வியர்வை, கதை குழறுவது என்று ஏதாவது வந்தால் நின்றுவிடுங்கள். நடையால் வந்த வியர்வைதானே என்று விட்டுவிடுவதுதான் இதில் அதிகம் நடக்கும் பிழை. நாலு தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் இருந்து, திரும்பக் குத்திப் பார்த்து, 70க்கு மேல் ஏறாவிட்டால் இன்னொருமுறை குடிக்க வேண்டும். ஏறிய பிறகு இரண்டு பிஸ்கட்டோ ஒரு துண்டுப் பாணோ சாப்பிட வேண்டும். இல்லாவிட்டால் வீடு போய்ச் சேருமுன் திரும்ப இறங்கக்கூடும். சீனியைக் கடதாசியில் சுற்றினால் வியர்வையில் நனைந்து பிசுபிசுத்துவிடும்; மூடியுள்ள சின்னப் போத்தலில் போட்டுக் காற்சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், கூட நடப்பவருக்கும் அது எந்தப் பையில் என்று சொல்லிவையுங்கள்.